பத்தாவது ஆளின் காதில்

ஒன்பதாவது ஆளின் காதில் மந்திரத்தைச் சொல்லி முடித்து அவள் நிமிர்ந்தபோது, வெள்ளியங்கிரி மேடையேறி வந்தார்.

மடத்தின் மூத்த சீடர். காலையிலிருந்து அவள் முகத்தையே பார்க்காதவர்.

குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"சாமி போயிட்டாருங்க. இப்பத்தான் பவானியிலிருந்து போன் வந்துச்சு. நிறுத்திருங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பவானி மடத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்த குரு சாமி, மூன்று நாள் முன்புதான் தன் சிஷ்யையான அவளைக் கூப்பிட்டார். திருப்பூருக்குப் போய்த் தீட்சை கொடுத்துவிட்டு வா என்றார்.

மடமே முணுமுணுத்தது. சாமி நேரில் இல்லாமல் தீட்சையா? அதுவும் ஒரு பெண் கையாலா?

"இவ கொடுத்தா நான் கொடுத்த மாதிரி" என்றார் சாமி.



மண்டபத்தில் இன்னும் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஈரத் தலையோடு, வெறும் வயிற்றோடு. பனியன் கம்பெனித் தொழிலாளர்கள். ஞாயிறு ஒருநாள்தான் அவர்களுக்கு விடுமுறை.

இதே ஊரில் பத்து வருஷம் அவளும் கம்பெனியில் தைத்த துணியின் பிசிறு நூல் வெட்டியவள்தான்.

அழுகை முட்டியது.

அழுதால் அத்தனை பேரும் எழுந்து போய்விடுவார்கள்.

அடக்கிக்கொண்டாள்.

"சாமியே இல்லீங்க. இனி யார் பேர்ல கொடுப்பீங்க?" என்றார் வெள்ளியங்கிரி.

அவள் அடுத்த ஆளைக் கையசைத்து அழைத்தாள்.

பவுனாத்தாள் வந்தாள். முப்பது வருஷமாக ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்து முதுகு வளைந்தவள். எதிரில் அமர்ந்து, காதோரத்து நரைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

அவள் பவுனாத்தாளின் காதருகே குனிந்தாள்.

மந்திரம் முழுதாக வந்தது. ஓர் எழுத்துகூட நடுங்கவில்லை.

பிறகு பதினொன்று. பன்னிரண்டு.

வெள்ளியங்கிரி போகவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

இருபத்துமூன்றாவது ஆளும் எழுந்து தன் இடத்துக்குப் போன பின் அவள் எழுந்து நின்றாள். சாமி இறந்ததைச் சொன்னாள். ஒன்பது பேர் முடிந்த நேரத்திலேயே சேதி வந்துவிட்டதையும் மறைக்கவில்லை.

மண்டபம் அழுதது.

பவுனாத்தாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏனுங்க, முன்னாடி வாங்குன ஒம்பது பேருக்குச் சாமி குரு. எனக்கு ஆருங்க?"

வெள்ளியங்கிரி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நான்" என்றாள் அவள்.

குரல் மண்டபத்தின் கடைசி வரை போனது.

சொல்லிவிட்டுத் தலை குனியவில்லை. 

பவுனாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"அப்பச் சரிங்க."

பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"அழுதுட்டே இருந்தா எப்படி? ஆராச்சும் போய் வேன் புடிங்க. நம்ம குரு, அவங்க குருவைப் பார்க்கப் போகோணும்."