செவ்வாய்க்கிழமைச் சப்பாத்துகள்

கடைசிப் பாட்டு தொடங்கியதும் திரேசம்மா மெல்ல எழுந்து மண்டபத்துக்கு வெளியே வந்தாள். சப்பாத்துக் களவெடுக்க.

கோயிலின் நிலவறை மண்டபத்தில் செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் செபம் நடக்கும். ஞாயிறு பூசைக்கு மேலே சப்பாத்தோடு போகிறவர்கள்கூட, இங்கே படியடியில் கழற்றிவிட்டுத்தான் கம்பளத்தில் கால் வைப்பார்கள். மட்டக்களப்பில் அப்படி. மொன்றியலிலும் அப்படியே.

மாரிக் குளிரில் அந்தப் படியடி கறுப்புச் சப்பாத்துகளின் குவியல். ஒருவருடையதை இன்னொருவர் மாட்டிக்கொண்டு போவதும், அடுத்த செவ்வாய் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிரிப்பதும் அடிக்கடி நடப்பதுதான்.

அந்த வழக்கத்தைத்தான் திரேசம்மா நம்பியிருந்தாள்.

மரிசோல் ஹொண்டுராஸ்காரி. இலையுதிர் காலத்தில் ஒருநாள், கதவில் ஒட்டியிருந்த அந்தோனியார் படத்தைக் கண்டுவிட்டு உள்ளே வந்தவள். தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் செபமாலையில் எந்த மணியில் எல்லாரும் நிற்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

பனி கொட்டத் தொடங்கிய பிறகும் அவள் காலில் அதே துணிச் சப்பாத்து. கழற்றும்போது காலுறை பிழியலாம் போல நனைந்திருக்கும்.

நத்தார்ப் பண்டிகைக்கு முன்னர் திரேசம்மா ஒரு சோடி பனிச் சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, எல்லாருக்கும் முன்னால் நீட்டிவிட்டாள். மரிசோலின் முகம் சிவந்து போயிற்று. "மெர்சி" என்று நன்றி சொல்லிப் பையைத் திருப்பித் தள்ளினாள். அதற்குப் பிறகு செபத்துக்கே வரவில்லை.

கொடுக்க நினைத்தது பிழையில்லை, கொடுத்த விதம்தான் பிழை என்று திரேசம்மா ஒவ்வொரு செவ்வாயும் அந்தோனியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு மரிசோல் திரும்பி வந்திருக்கிறாள். நாளை விடியப் புது வேலையாம். ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடைக்குப் பின்னால் பெட்டி இறக்க வேண்டும். தனக்காகச் செபிக்கும்படி கைகூப்பிக் கேட்டாள்.

இந்தக் குளிரில், வெட்டவெளியில், அந்தத் துணிச் சப்பாத்தோடு.

"பாருங்கோ திரேசாக்கா, கொஞ்ச நாளில எங்கட அந்தோனியாரும் ஸ்பானிஷ் கதைக்கப் போறார்!" என்றாள் பக்கத்தில் இருந்த பிரியந்தி, எல்லாருக்கும் கேட்க. சிலர் சிரித்தார்கள். திரேசம்மாவுக்குச் சுருக்கென்றது. அந்த வாய்க்காரி வழமைபோலச் செபம் முடியமுதலே எழும்பிப் போனது ஒருவகையில் நிம்மதியாகவும் இருந்தது.

இனித் திட்டம் சுலபம். மரிசோலின் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நடந்துவிட வேண்டும். கடைசியில் தன்னுடைய பனிச் சப்பாத்து மட்டும் மிஞ்சும். கால் அளவும் ஏறத்தாழ ஒன்றுதான். தானமென்று ஒருவரும் சொல்ல முடியாது.

குனிந்து தேடினாள். துணிச் சப்பாத்தைக் காணவில்லை.

போய்விட்டாளா? எட்டிப் பார்த்தாள். இல்லை, மெழுகுதிரிகளுக்கு முன்னால் மரிசோல் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். ஈரக் காலுறையோடு.

பாட்டு முடிந்தது. சனம் வந்தது, மாட்டியது, போனது. படியடியில் இரண்டு சோடிதான் மிஞ்சின. ஒன்று திரேசம்மாவின் பழையது. மற்றது உயரமானது, உள்ளே கம்பளி வைத்தது, புதிது.

மரிசோல் வந்து நிலத்தைப் பார்த்தாள். சுற்றிலும் தேடினாள்.

மரிசோல் திரும்பி வந்தால் சொல்லவென்று திரேசம்மா வாரக்கணக்காக ஒரு பொய்யைப் பிரெஞ்சில் பாடமாக்கி வைத்திருந்தாள். இப்போது அதையே சொன்னாள், பாதி வாயாலும் மீதி கையாலும். எங்கள் ஆட்கள் இப்படித்தான். உங்களுடையதை ஆரோ மாறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். கொண்டுவரும்வரை அவர்கள் விட்டுப்போன இதைப் போடுங்கள்.

சொல்லி முடித்த பிறகுதான், அது பொய்யில்லையோ என்று அவளுக்குத் தோன்றியது.

மரிசோல் தயங்கினாள். பிறகு ஒரு காலை உள்ளே விட்டாள். விரல்கள் கம்பளியைத் தொட்டது அவள் முகத்தில் தெரிந்தது. மற்றக் காலையும் விட்டாள். சட்டென்று வாயைப் பொத்திச் சிரித்தாள்.

பாவம் அந்த ஆள், என்றாள். இந்தக் குளிரில் என்னுடைய சப்பாத்தோடு!

சிரித்தபடியே படியேறிப் போனாள்.

திரேசம்மா மேலே வந்தபோது பனி தூவிக்கொண்டிருந்தது. மரிசோல் தெருமுனையில் திரும்பி மறைந்தாள். அதற்காகவே காத்திருந்ததுபோல, இருட்டாக நின்ற ஒரு காரின் கதவு திறந்தது.

பிரியந்தி இறங்கி, முன்கண்ணாடியில் பிடித்திருந்த உறைபனியைச் சுரண்டத் தொடங்கினாள். காலில் துணிச் சப்பாத்து. குதி கொள்ளாமல் பின்பக்கத்தை மிதித்து மடித்திருந்தாள்.

திரேசம்மா நிற்பதைக் கண்டதும் அவளுக்குக் கோபம் வந்தது.

"என்ன அப்பிடிப் பாக்கிறியள்? கண்ணாடி போடாமல் வந்திட்டன் அக்கா, சப்பாத்து மாறிப் போச்சு!"

அவளுடைய மூக்கின்மேல் கண்ணாடி, மூச்சுப் பட்டு வெள்ளையாகப் பனிப்புகார் பிடித்திருந்தது.