அலமாரியில் நாலு லேப்டாப்

திங்கட்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு ஆய்வகத்துக்குத் திரும்பிய சுமந்த் திகைத்துப் போனான். மேஜையில் லேப்டாப் இல்லை.

கூட ஆய்வு செய்யும் ஸ்மிதாவுடையதும் இல்லை. மஹேஷுடையதும் இல்லை. மூன்று வாரம் முன்பு சேர்ந்த ராஜஸ்ரீயின் மேஜையும் காலி.

"நாலும் என் அலமாரியில பூட்டியிருக்கு," என்றார் பேராசிரியர் விஜயம். "தொலைஞ்சு போச்சுன்னு வச்சுக்கோங்க. சனிக்கிழமை வரைக்கும் அது இல்லாம வேலை பாருங்க. யார் பேக்கப் எடுத்து வச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சுடும்."

ஸ்மிதா பையிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்தாள். மஹேஷ் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றி வைத்திருந்தான்.

சுமந்திடம் ஒன்றுமில்லை. மூன்று மழைக்காலம் பொன்முடி மலைக்காட்டில் அட்டைக்கடி வாங்கிப் பதிவு செய்த எண்ணூறு தவளைச் சத்தங்களும் அந்த ஒரே லேப்டாப்பில்தான் இருந்தன. பேக்கப் எடு என்று விஜயம் மாதாமாதம் சொல்வார். அடுத்த வாரம் என்று அவனும் மாதாமாதம் சொல்வான்.

வெள்ளிக்கிழமை அவனுடைய செமினார். ஒரு மணி நேரம் மட்டும் கொடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தான்.

"தொலைஞ்சது எப்படிப்பா ஒரு மணி நேரத்துக்குத் திரும்பி வரும்?"

செமினாரில் வேறு வழியில்லாமல் தவளைகளைப் போலத் தானே கத்திக் காட்டினான். அரங்கமே சிரித்தது. அவனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

அன்று சாயங்காலமே துறைத் தலைவருக்குப் புகார்க் கடிதம் எழுதினான். ஸ்மிதாவும் மஹேஷும் கையெழுத்துப் போட்டார்கள். ராஜஸ்ரீ மாட்டேன் என்றுவிட்டாள்.

"மேடத்துக்கு சோப்பு போடறா, பாத்தியா," என்று சுமந்த் மஹேஷிடம் அவள் காதுபடவே சொன்னான். அவள் தலை நிமிரவில்லை.

சனிக்கிழமை காலை விஜயம் நாலு லேப்டாப்பையும் திருப்பிக் கொடுத்தார். தன்னுடையதில் கீபோர்டு புதிதாக இருக்கிறதே என்று சுமந்த் கேட்டான். எழுத்தெல்லாம் தேய்ந்திருந்தது, மாற்றச் சொன்னேன் என்றார்.

திறந்தான். முதல் தவளை கத்தியது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

உடனே ஸ்மிதாவின் டிஸ்க்கைக் கடன் வாங்கிச் செருகினான். இன்னும் கொடுக்காமல் வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு விஜயத்தின் அறைக்குப் போனான்.

"இந்த வாரம் பூரா உங்களைத் திட்டிக்கிட்டே இருந்தேன் மேடம். மன்னிச்சிடுங்க. இப்படிச் செய்யலேன்னா நான் ஜென்மத்துக்கும் பேக்கப் எடுத்திருக்க மாட்டேன்."

அவன் போனதும் ராஜஸ்ரீ உள்ளே வந்தாள்.

"அவர் லேப்டாப் மேல டீயைக் கொட்டினது நான்தான்னு இன்னிக்காவது சொல்லிடறேன் மேடம். அது ரிப்பேராகி வர்ற வரைக்கும் நாலையும் பூட்டி வச்சதா சொல்லி, என் ஒருத்திக்காக நீங்க எல்லார்கிட்டயும் கெட்ட பேர் வாங்கினது போதும்."

"தாராளமா சொல்லு," என்று சிரித்தார் விஜயம். "ஆனா முதல்ல அவன் பேக்கப் எடுத்து முடிக்கட்டும்."