ஒரே ஓர் ஆட்சேபம்

"பெத்த அப்பனே இப்படிப் பண்ணுவாருன்னு நான் நெனைக்கலம்மா" என்றார் நாகேஷ்.

ராபர்ட்சன்பேட்டையில் டிராவல்ஸ் வைத்திருப்பவர். எதிரே பாஸ்போர்ட்டும் கையுமாக வெண்ணிலா. அயர்லாந்தில் நர்ஸ் வேலை. ஒன்றாம் தேதி சேர வேண்டும். சேராவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவளுக்குப் போய்விடும்.

"எங்க நைனா இன்னா பண்ணாரு?"

"ஆஸ்பத்திரிக்காரங்க உனக்கு அனுப்பினது கோட் ஷேர் டிக்கெட். டிக்கெட் ஒண்ணு, கம்பெனி ரெண்டு. லண்டன் வரைக்கும் நம்ம கம்பெனி பிளேன். அங்க எறங்கி இன்னொரு கம்பெனி பிளேன்ல ஏறணும். ரெண்டு கம்பெனியும் பேசி முடிச்சிட்டாங்க. கவர்மெண்ட் பர்மிஷன்தான் பாக்கி. யாருக்காச்சும் ஆட்சேபம் உண்டான்னு பேப்பர்ல கேட்டிருந்தாங்க."

"அதுக்கு?"

"இந்தியா முழுக்க ஒரே ஒரு ஆட்சேபம் வந்திருக்கு. ஆண்டர்சன்பேட்டை தர்மராஜ், போஸ்ட் கார்டுல! யாருய்யா அது, உங்க ஊராமேன்னு கம்பெனியில என்னையே கேக்கறாங்க. அந்தக் கார்டுக்கு ஒரு முடிவு தெரியாம பர்மிஷன் கெடையாதாம்."

வெண்ணிலாவுக்குக் காது சுட்டது.

வீட்டுக்குப் போன வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கார்டு போட்டியா நைனா?"

"போட்டேன்" என்றார் தர்மராஜ்.

"ஏன்?"

"பாதியில எறங்குறியே, அங்க உன்னைக் கை மாத்தி விடறது யாருன்னு அந்தப் பேப்பர்ல போடலியே."

"நான் இன்னா பார்சலா, கை மாத்தி விடறதுக்கு? இருபத்தஞ்சு வயசாவுது எனக்கு!"

அம்மா சரோஜா அடுப்படியிலிருந்தே பிடித்துக்கொண்டாள். "அனுப்ப மனசில்ல. அதை நேரா சொல்லவும் வாயில்ல. முப்பது வருஷம் தங்கச் சுரங்கத்துல ஆளுங்களக் கேஜுக் கூண்டுல எறக்குற வைண்டிங் இன்ஜின் ஓட்டுன புத்தி எங்க போவும்? சுரங்கம் அவ்ளோ ஆழம், பாதியில எறங்கி அடுத்த கேஜுல ஏறணும். இவரு வேலை பாதியோட முடிஞ்சுடும். ஆனா கீழ இருக்கறவன், ஆளுங்க வந்து சேந்துட்டாங்கன்னு பெல் அடிக்கிற வரைக்கும் சீட்டை விட்டு எழுந்துக்க மாட்டாரு. ஷிஃப்ட் முடிஞ்சாலும் ஒக்காந்திருப்பாரு. ஆறின சோறுதான் தெனமும்."

தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "சுரங்கத்தையே மூடப் போறானுங்க. பொண்ணாவது பொழைக்கட்டும்னு விடறாரா பாரு" என்றார் எதிர் வீட்டுச் சூசைராஜ். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கலியே" என்றாள் பக்கத்து வீட்டுத் தங்கம்மா. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வெண்ணிலா நைனாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

ஒன்றாம் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது பர்மிஷன் வந்தது. நாகேஷ் ஸ்கூட்டரில் வந்து மூச்சு வாங்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ஏர்போர்ட்டுக்கு அம்மா மட்டும்தான் வந்தாள். "நான் இங்கதான் இருக்கணும்" என்றுவிட்டார் தர்மராஜ். பெற்ற பெண்ணை வழியனுப்பக்கூட வராத மனுஷன். வெண்ணிலா திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினாள்.

லண்டனில் விமானம் தாமதமாக இறங்கியது. எவ்வளவு பெரிய கட்டடம்! ராபர்ட்சன்பேட்டை பஜாரையே தூக்கி உள்ளே வைத்தாலும் ஒரு மூலைக்குக் காணாது. கண்ணாடிக்கு வெளியே வரிசை வரிசையாக விமானங்கள். வாயைப் பிளந்தபடி நடந்தவள் அடுத்த கம்பெனியின் கவுண்டரைத் தேடிப் பிடித்தாள்.

"எங்க லிஸ்டில் உங்க பேர் இல்லையே" என்றார்கள். தன் கம்பெனியின் கவுண்டருக்கு ஓடினாள். அங்கே ஆளே இல்லை.

நைனா எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. மேல் கேஜுக்காரன் இறக்கிவிட்டேன் என்றானாம், கீழ் கேஜுக்காரன் வரவேயில்லை என்றானாம். நடுவில் காணாமல் போனவனை மறுநாள்தான் கண்டுபிடித்தார்களாம்.

"மிஸ் வெண்ணிலா தர்மராஜ்?"

அவள் வந்த கம்பெனியின் சீருடையில் ஒரு பெண் ஓடிவந்தாள். "உங்களைத்தான் தேடறேன், வாங்க." பெயரை லிஸ்டில் ஏற்ற வைத்தாள். அடுத்த விமானத்தின் வாசல் வரை கூடவே வந்தாள். அங்கே நின்றவரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினாள்.

"எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு?" என்றாள் வெண்ணிலா.

"உங்களுக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும். உங்க கவர்மெண்ட் பர்மிஷன் கொடுத்ததே இந்த நிபந்தனையோடதான்" என்று தாளை நீட்டினாள்.

'பயணி வந்து சேர்ந்ததாக இரண்டாவது நிறுவனம் சொல்லும்வரை முதல் நிறுவனத்தின் பொறுப்பு முடிவதில்லை.'

மேலே, 'பார்வை' என்ற இடத்தில், தர்மராஜ், ஆண்டர்சன்பேட்டை என்று இருந்தது.

வெண்ணிலாவுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு கால் ரூபாய்க் கார்டு இரண்டு நாட்டு விமானங்களை நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறது! அதை எழுதியவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டோமே என்று அழுகை வந்தது.

டப்ளினில் இறங்கியதும் முதல் வேலையாகத் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டாள்.

"சாம்சன் அண்ணா, எங்க நைனாவைக் கொஞ்சம் கூப்பிட்டு விடறீங்களா?"

"எங்க போய்க் கூப்பிடறது? நீ கார் ஏறினதுல இருந்து இங்கதான் ஒக்காந்திருக்காரு. சோத்துக்குக்கூட எழுந்து போகல. இந்தா, பேசு."

"நைனா... நான் வந்து சேந்துட்டேன் நைனா."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பிறகு நாற்காலி நகரும் சத்தம்.

"பெல் கேட்டுச்சும்மா. நான் எழுந்துக்கறேன்."