எட்டு வயது மூத்த இதயம்

அப்பாவுக்கு வயது ஐம்பத்தாறு. அப்பாவின் இதயத்துக்கு அறுபத்துநாலு.

மூன்றாவது தடவையும் கணினி அதே எண்ணைத்தான் காட்டியது. தேனுஜா அப்பாவின் ஸ்கானை நாலாவது தடவையும் போட்டுப் பார்த்தாள்.

ஜெர்மனியின் ஆஹென் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடமாக அவள் பாலூட்டி வளர்க்கும் பிள்ளை அந்தக் கணினி நிரல். ஆயிரக்கணக்கான இதய ஸ்கான்களைப் பார்த்துப் பழகியது. புதிய படமொன்றைக் கொடுத்தால் இந்த இதயத்துக்கு இத்தனை வயது என்று சொல்லும். ஆளின் வயதைவிட இதயத்தின் வயது ஐந்துக்கு மேல் கூடினால், வரும் ஐந்து வருடத்துக்குள் ஆபத்து என்று சிவப்புக் கட்டம் போடும்.

நோயில்லாதவர்களின் படமும் வேண்டும் என்றபோது, "என்ர நெஞ்சைப் படம் பிடி பிள்ளை" என்று முதல் ஆளாக வந்து படுத்தவர் அப்பா நித்தியானந்தன். போதாக்குறைக்கு எல்லோருக்கும் ஒரு பெட்டி உளுந்து வடை வேறு. இப்போது அவருடைய கட்டம்தான் சிவப்பாகக் கிடந்தது.

"மாடல்லதான் ஏதோ தப்பு, தேனு. டென்ஷன் ஆகாத," என்றான் பக்கத்து மேசைக் குருமூர்த்தி. மதுரைக்காரன்.

"நோயில்லாத இருநூறு பேருக்கு ரெண்டு வயதுக்கு மேலை பிழை விடேல்லை. அப்பாவுக்கு மட்டும் ஏன் பிழை விடும்?"

"பர்த் டேட் கரெக்டா போட்டியா?"

"அவரின்ர அடையாள அட்டையைப் பாத்து நானே அடிச்சனான்!"

அதற்குமேல் அவளால் இருக்க முடியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

வீட்டுக்குப் போகும் டுசல்டோர்ஃப் ரயிலோ அன்றைக்கென்று பார்த்து நடுவழியில் நின்றது. ஒலிபெருக்கி மன்னிப்புக் கேட்டது, காரணம் சொல்லவில்லை. தேனுஜா இருந்தாள், எழுந்தாள், கதவடியில் போய் நின்றாள், திரும்பவும் வந்து இருந்தாள். பிறகு அம்மாவுக்குப் போன் எடுத்தாள்.

"அப்பா என்ன செய்யிறார்?"

"லீவெல்லே. வெங்காயம் வெட்டுறார்."

"வெட்ட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ! பேசாமல் படுக்கச் சொல்லுங்கோ!"

"உனக்கென்ன, பைத்தியமே?" என்று அம்மா சந்திரகாந்தி போனை வைத்துவிட்டாள்.

பதினைந்து வயதில் தன்னந்தனியாக விமானமேறி வந்தவர் அப்பா. பதினாறு நிறையாத பிள்ளைகளிடம் ஜெர்மனி அப்போது விசா கேட்பதில்லை. அந்தப் புண்ணியத்தில் தப்பினேன் என்று வீட்டுக்கு விருந்தாளி வரும்போதெல்லாம் சொல்வார். கோப்பை கழுவினார், கட்டடம் துடைத்தார். இப்போது விமான நிலையச் சமையற்கூடத்தில் சாப்பாட்டு வண்டி தள்ளுகிறார். ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினொரு வருடம் கிடக்கிறது. அந்த இதயம் அதுவரை தாங்குமா? உழைப்பு அப்பாவைத் தின்றுவிட்டது என்று அவள் நினைத்தாள்.

கதவைத் திறந்தவரின் கையில் கத்தி இருந்தது, கண்ணில் வெங்காயக் கண்ணீர்.

"என்ன பிள்ளை, சொல்லாமல் கொள்ளாமல்? சாப்பிட்டனியே?"

அவள் கத்தியைப் பறித்து வைத்துவிட்டு, அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து சோபாவில் இருத்தினாள். மேலே சுவரில் அப்பாவும் அம்மாவும் மாலையும் கழுத்துமாய் நிற்கும் படம். நாலு வருடத்துக்கு முன் ஏதோ நேர்த்திக்கடன் என்று இரண்டு பேரும் ஒருவருக்கும் சொல்லாமல் ஹம் நகரத்துக் கோயிலுக்குப் போய் எடுத்தது. தன்னைக் கூப்பிடவில்லை என்று தேனுஜா அப்போது ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"அப்பா, நாளைக்கு நீங்கள் வேலைக்குப் போக ஏலாது. இதய டொக்ரரைப் பாக்கக் காலமை ஒன்பது மணிக்கு டெர்மீன் எடுத்திட்டன்."

"எனக்கென்ன வருத்தம்? குத்துக்கல்லு மாதிரி இருக்கிறன்!"

"இல்லையப்பா. உங்கட நெஞ்சு உங்களைவிட எட்டு வயது மூப்பு. நாற்பது வருசமா மாடு மாதிரி உழைச்சு..." அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல அழுதாள்.

நித்தியானந்தன் அவள் தலையைத் தடவினார். தடவிய கை பாதியில் நின்றது.

"மெஷின் சரியா எத்தினை வயது எண்டு சொல்லுது?"

"அறுபத்துநாலு."

அவர் மெல்ல நிமிர்ந்து வெங்காயம் வெட்டிய குசினியின் வாசலைப் பார்த்தார். அங்கே சந்திரகாந்தி துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுடைய தோள்கள் குலுங்கின.

"அம்மா, நீங்களும் அழாதேங்கோ," என்றாள் தேனுஜா.

துவாய் விலகியது. அம்மா அழவில்லை. சிரிப்பை அடக்க மாட்டாமல் திணறிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிப்போடுங்கோவன். மெஷினே கண்டுபிடிச்சிட்டுது, இனி ஆருக்கு ஒளிக்கிறது?"

அப்பா பிடரியைச் சொறிந்துகொண்டு நிலத்தைப் பார்த்தார். அம்மா வந்து மகளின் கண்ணைத் துடைத்துவிட்டு, சுவரிலிருந்த படத்தைக் காட்டினாள்.

"அது நேர்த்தியில்லைப் பிள்ளை, எங்கட அறுபதாங் கல்யாணம்!"