மூன்று ராடு

பிரவீனா வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத் தன் முதல் வெப்சைட்டை உருவாக்கினாள், புருசன் சிவக்குமாரின் போர்வெல் வண்டிக்காக. விசாரிப்பவர்கள் நிரப்ப மூன்றே கட்டங்கள்: பெயர், ஊர், எத்தனை அடி.

புதன்கிழமை ராகுகாலம் கழிந்ததும் வெளியிட்டாள். லிங்க்கை யாருக்கும் அனுப்புமுன்பே ஒரு விசாரிப்பு வந்தது: செங்கோட்டையன், புதுச்சத்திரம், 920 அடி.

“ஏனுங்க, இவரு யாருங்க?”

“அவரு செத்து ரெண்டு வருசமாச்சு. தொள்ளாயிரம் அடி போயும் வெறும் புழுதிதான். இன்னும் மூணு ராடு இறக்குங்க சாமின்னு கும்பிட்டாரு. நாந்தான் வண்டியைத் திருப்பிட்டேன்.”

ஒரு ராடு, குழிக்குள் இறக்கும் இரும்புக் குழாய், இருபது அடி.

வியாழக்கிழமை 940 என்று வந்தது. வெள்ளிக்கிழமை 960. கூடவே அதே கட்டத்தில், ‘ஈரம் தட்டுதுங்க சாமி.’

சிவக்குமார் ஷெட்டுக்குப் போனார். ஒரு வாரமாக வண்டி அங்கேதான் நின்றது. அடுக்கியிருந்த ராடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

மூன்று ஈரமாக இருந்தன.