இடது கால்

கீழ வீதி முடிவதற்குள் இடது கால் மரத்துவிட்டது.

தெற்கு வீதி இன்னும் முழுசாகக் கிடக்கிறது. அதற்கப்புறம்தான் மண்டபம்.

முன்னால் நாதஸ்வரக்காரர் நடுத்தெருவில் நின்று ஒரு ராகத்தைப் பிடித்துக்கொண்டார். லேசில் விடுகிற ஆளாகத் தெரியவில்லை. அவர் நகர்ந்தால்தான் கார் நகரலாம். இரண்டடி. பிறகு நிற்க வேண்டும். மறுபடியும் இரண்டடி.

ஒவ்வொரு இரண்டடிக்கும் ஒரு கிளட்ச் மிதி.

எழுபது வயதை நெருங்கும் காரின் கிளட்ச். முரட்டு மாட்டை இழுத்துப் பிடிப்பது போல மிதித்துப் பிடிக்க வேண்டும். இந்தத் தை மாதத்தில் மட்டும் இது ஒன்பதாவது மாப்பிள்ளை.

டிரைவருக்கு அலுத்துப்போயிருந்தது.

பின் சீட்டில் மாப்பிள்ளை. சுற்றிலும் ஏழெட்டுக் குழந்தைகள். இந்தப் படகுக் காரில் எத்தனை பேர் ஏறினாலும் இடம் மிச்சம் இருக்கும். வழியெல்லாம் சனங்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். முன்பக்கத்து வெள்ளிப் பற்களை, மீன் வால் மாதிரி தூக்கி நிற்கும் பின்பக்கத்தை. மாப்பிள்ளையை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை, பாவம்.

கார் முதலாளி வைத்தியலிங்கம் பக்கத்திலேயே நடந்து வந்தார். ஊர்வலம் என்றால் அவருக்கும் ஒரு பட்டு வேட்டி. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

"அமெரிக்காக்காரன் செஞ்ச இரும்புங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து மாப்பிள்ளை அழைப்புக்கு ஓடுது. ஒரு நாள் நடுத்தெருவுல நின்னதில்ல."

உண்மைதான். மாப்பிள்ளை கார் பாதி வழியில் நின்றால் சகுனம் சரியில்லை என்பார்கள். பெண்ணைப் பெற்றவர் முகத்தில் ஈயாடாது. அதனால்தான் எந்த ஊரிலிருந்தும் இந்தக் காரைத் தேடி வருகிறார்கள்.

அந்தப் பெயரில் பாதி தன்னுடையது என்று டிரைவர் மனசுக்குள் வைத்திருந்தார். முப்பத்தோரு வருஷம் ஓட்டியிருக்கிறார். வெளியே சொன்னதில்லை.

காருக்கு எல்லாம் மாற்றியாகிவிட்டது. பிஸ்டன் கோயம்புத்தூரில் கடைந்தது. கார்புரேட்டர் ஏதோ ஒரு ஜீப்பினுடையது. மாப்பிள்ளை முகம் தெரிய வேண்டும் என்று வைத்தியலிங்கத்தின் அப்பா கூரையையே அறுத்து எறிந்தார். அதற்கும் அது கோபித்துக்கொள்ளவில்லை.

டிரைவருடைய முட்டியையும் மாற்றச் சொல்லிவிட்டார் டாக்டர். போன ஆவணியில்.

முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த முகூர்த்தத்துக்கு இந்த சீட்டில் வேறொருத்தன் உட்காருவான்.

நாதஸ்வரம் நகர்ந்தது. அவர் கிளட்சை விட்டார்.

விட்டார் என்பது தப்பு. கால் நழுவிவிட்டது.

கார் ஒரு துள்ளு துள்ளியது. கியரைத் தள்ளிவிட்டு பிரேக்கை மிதிப்பதற்குள் பம்பர் தவில்காரர் கெண்டைக்காலில் இடித்தது. லேசாகத்தான். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"மாப்பிள்ளைக்கு ரொம்ப அவசரம் போல!" என்று யாரோ சொல்ல, தெருவே சிரித்தது.

டிரைவருக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. தவில்காரர் நின்ற இடத்தில் சற்று முன்புதான் ஒரு சின்னப் பெண் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள்.

இடது காலைக் கையால் தூக்கித்தான் கிளட்சின் மேல் வைக்க முடிந்தது. மிதித்தார். கால் கேட்கவில்லை.

சாவியைத் திருப்பினார். எஞ்சின் அடங்கியது.

அத்தனை மேளச் சத்தத்திலும் அது வைத்தியலிங்கத்துக்குக் கேட்டுவிட்டது.

"என்னண்ணே?"

"நின்னுபோச்சு மொதலாளி."

பெற்ற பிள்ளையைத் திருடன் என்று சொல்லிவிட்டது போல இருந்தது. அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்ணின் அப்பா ஓடி வந்தார். மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி, "இதென்னடி இது, நடுத்தெருவுல..." என்று ஆரம்பித்தாள்.

வைத்தியலிங்கம் குனிந்து சாவியில் கை வைத்தார். ஒரே திருப்பில் பிடித்துக்கொள்ளும். இரண்டு பேருக்கும் தெரியும்.

கை அப்படியே நின்றது. அவர் கீழே பார்த்தார்.

பேன்ட்டுக்குள் டிரைவரின் இடது கால் தானாக உதறிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் அமுக்கியும் நிற்கவில்லை.

வைத்தியலிங்கம் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வண்டிக்கு வயசாயிடுச்சுங்க," என்றார் பெண்ணின் அப்பாவிடம். பிறகு தெருவுக்கே கேட்கும்படி, "மன்னார்குடிப் பக்கமெல்லாம் மச்சானுங்க தள்ளிக்கிட்டுப் போனாத்தான் மாப்பிள்ளைக்கு ராசி. வாங்கப்பா, கை போடுங்க!"

அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது.

மச்சான்கள் பாய்ந்து வந்தார்கள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வைத்தியலிங்கமும் தள்ளினார். மூச்சு வாங்கியது அவருக்கு. குழந்தைகள் கூச்சல் போட்டார்கள். தவில் வேகம் பிடித்தது.

கார் சத்தமில்லாமல் போனது.

அவருக்கு வேலை ஸ்டியரிங் மட்டும்தான். இடது கால் சும்மா கிடந்தது. ஊர்வலம் என்பது இவ்வளவு அழகா என்று இருந்தது. அழுகையும் வந்தது.

மண்டப வாசலில் ஆரத்தி எடுத்து மாப்பிள்ளையை இறக்கினார்கள். கூட்டம் பின்னாலேயே உள்ளே போயிற்று.

வைத்தியலிங்கம் வந்து டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"பாத்து எறங்குங்கண்ணே."

கையைக் கொடுத்தார். அவர் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். காரை ஓரமாக விட வேண்டும். சாவிக்காக இன்னொரு கையை நீட்டினார்.

வைத்தியலிங்கம் அந்தக் கையையும் பிடித்துக்கொண்டார்.