குழந்தைக்கு வந்த சுண்டெலி

குழந்தை பிறந்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியில் ஒரு சுண்டெலியைக் கூண்டோடு கொடுத்தனுப்பினார்கள். அந்த ஆண் குழந்தையின் ஒய் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லை. அதே துண்டை நீக்கிப் பிறக்கவைத்த ஆண் எலி அது.

"உங்க பையன் பெரியவனானா அவனுக்குக் குழந்தை பிறக்குமான்னு இது மூணு மாசத்துல காட்டிடும்" என்றாள் நர்ஸ்.

குழந்தையின் அம்மா தாமரைச்செல்வி தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அதுவரை குழந்தையைத் தோளைவிட்டு இறக்காத அவள் கணவன் மருதவாணன், இப்போது கூண்டு முன்னால் உட்கார ஆரம்பித்தான். ஆறாம் வாரம் ஒரு பெண் எலியை உள்ளே விட்டார்கள். மூன்று மாதமாகியும் குட்டி பிறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஆண் எலியை அறுத்துப் பார்த்து, விந்தணு ஒன்றுகூட இல்லை என்று எழுதித் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மருதவாணன் கேட்டான்: "பேரை இன்னும் பதியலையே?"

"இல்லைங்க. நாளைக்குத்தானே போறதா இருந்தோம். உங்க அப்பா பேரு."

"அதை இவனுக்கு வைக்க வேணாம். அடுத்து பிறக்கிறவனுக்கு இருக்கட்டும்."

அவள் குழந்தையைத் தூக்கினாள். அது சிரித்துக்கொண்டே எட்டி அப்பாவின் சட்டையைப் பிடித்தது. மருதவாணன் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.